செஸ்ட் கருவி: ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ என்ற சொல்லை நம்பியிருப்பவர்களுக்காக ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வருபவர்களில் அநேகர் தமிழர்கள். கடை வைத்திருப்பவர்கள், உணவகம் நடத்துபவர்கள், மொத்த வியாபாரம் செய்பவர்கள், கட்டட வேலை எடுத்துச் செய்பவர்கள். ஒருவரை வேலைக்கு வைத்தால் சம்பளப் பட்டியலில் சேர்க்க வேண்டும், வரியும் நேஷனல் இன்சூரன்சும் பிடித்துக் கட்ட வேண்டும், லீவுக்கும் பென்ஷனுக்கும் காசு ஒதுக்க வேண்டும் என்பதால், வேலை செய்பவரை ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ என்று எழுதிக்கொண்டு, இன்வாய்சுக்குப் பணம் கொடுத்துவிடுவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கம் சட்டத்தின் முன் நிற்குமா என்பதை முதற்கட்டமாகச் சோதிக்க, வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் கருவியின் பெயர் செஸ்ட் (Check Employment Status for Tax, அதாவது ‘வரிக்காக வேலை நிலையைச் சரிபார்த்தல்’). அதை வாடிக்கையாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பல தடவை நிரப்பிப் பார்த்திருக்கிறேன். அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, எந்த இடத்தில் அதை நம்பி ஏமாறக்கூடும் என்பதைத் தொழில் நடத்துபவர்களுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

இந்தக் கருவி 2017 மார்ச்சில் வெளியானது. அதற்கு முன்பே, 2000 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு, ஐஆர்35 என்று எல்லோரும் அழைக்கும் விதிகள் வந்துவிட்டன. தன் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிந்துகொண்டு, உண்மையில் இன்னொருவரிடம் ஊழியராகவே வேலை செய்பவர்களைப் பிடிப்பதற்கான விதிகள் அவை. 2017 ஏப்ரலில் அரசுத்துறையிலும், 2021 ஏப்ரலில் தனியார்துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும், அந்த ஆளின் நிலையைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவரின் தலைக்கு மாறியது. கருவி அந்த மாற்றத்தை ஒட்டியே பிரபலமானது என்றாலும், கம்பெனி எதுவும் இல்லாமல் தனியாளாக இன்வாய்ஸ் எழுதுபவர்களுக்கும் அது பொருந்தும். என்னிடம் வரும் வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 2019 நவம்பரிலும் 2025 ஏப்ரலிலும் கேள்விகள் திருத்தப்பட்டன. முன்னர் எடுத்த முடிவை வைத்திருப்பவர்கள் மறுபடி ஒருதரம் நிரப்பிப் பார்ப்பது நல்லது.

பயன்படுத்துவதற்குக் கடவுச்சொல்லோ பதிவோ தேவையில்லை. பெயர் கேட்பதில்லை, கொடுக்கும் பதில்களை வரித்துறை சேமித்து வைப்பதுமில்லை. இந்தப் பயம் நம்மவர்களுக்கு நிறைய உண்டு. நிரப்பினால் நாளைக்கு ஆள் வந்துவிடும் என்று நினைத்து, பல வருடம் இதைத் தொடாமல் இருந்த கடைக்காரர்களை நான் அறிவேன். அப்படி எதுவும் நடக்காது. மாற்றாளை அனுப்பும் உரிமை, வேலையை யார் நெறிப்படுத்துகிறார்கள், பண நட்டம் யாருக்கு, வேலை செய்பவர் நிறுவனத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார், மற்ற இடங்களில் வேலை செய்ய அவருக்குத் தடை உண்டா என்ற வரிசையில் கேள்விகள் வரும். உண்மையான விவரம் கையில் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விவரம் கையில் இல்லாதவருக்கு ஒரு நாளும் போதாது.

2025 இலையுதிர்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மளிகைச் சாமான்களைக் கடைகளுக்கு மொத்தமாக விநியோகிக்கும் ஒருவர், ஐந்து சாரதிகளின் கணக்கோடு வந்தார். ஐவரும் ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’. ஐவருக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. மாதாமாதம் இன்வாய்ஸ் இருந்தது. “பேப்பர் எல்லாம் சரியா இருக்கு அண்ணை” என்றார். நான் இன்வாய்ஸ்களை மேசையில் பரப்பினேன். நான்கு சாரதிகளின் இன்வாய்ஸ்களும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவு இடைவெளியோடு, 114, 115, 116, 117 என்று தொடர் இலக்கமிட்டிருந்தன. நான்கு தனித்தனி வியாபாரிகளின் இன்வாய்ஸ் இலக்கம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓடாது. முதலாளியின் அலுவலகக் கணினியில், அவருடைய கணக்குப்பிள்ளை மாதக் கடைசியில் அச்சிட்டு, சாரதிகளிடம் கையெழுத்து வாங்குகிறார் என்று கேட்டபின் தெரிந்தது. ஐந்தாமவரின் இன்வாய்ஸ் மட்டும் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

முதல் தடவை முதலாளியே பதில்களைச் சொன்னார், நான் அழுத்திக்கொண்டு போனேன். சாரதி தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாமா? அனுப்பலாம், ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் இருக்கிறது. அனுப்பினால் அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டா? இல்லை. மாற்றாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்? சாரதி. இப்படியே போய், கடைசியில் வரிக்காக இவர் சுயதொழில் செய்பவர் என்ற முடிவு வந்தது. அவருடைய முகம் மலர்ந்தது. அந்தத் தாளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டுப் போக அவர் தயாராக இருந்தார். கருவியைப் பயன்படுத்தும் பலர் செய்வதும் அதுதான்.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இந்த நான்கு பேரில் யாராவது எப்போதாவது மாற்றாளை அனுப்பியிருக்கிறார்களா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “போன வருஷம் ஒருத்தன் தன்ர தம்பியை அனுப்பினவன். நான் வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிட்டன். இன்சூரன்ஸ் இல்லைத்தானே.” அந்த ஒரு வாக்கியத்தில் ஆறாவது பிரிவு செத்துப்போனது. வானுக்கான காப்புறுதி முதலாளியின் பெயரில் இருக்கிறது; அதில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம்; அப்படியானால் மாற்றாளை அனுப்பும் உரிமை காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

இந்த இடத்தைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கருவியைப் பயன்படுத்துபவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கருவி ‘உரிமை உண்டா’ என்று கேட்கும்போது, மாற்றாள் விடயத்திலும் நெறிப்படுத்தும் விடயத்திலும் அந்தச் சொல்லை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றாளை அனுப்பும் உரிமை எழுத்தில் இருந்தாலும், நடைமுறையில் அது நடக்கவே முடியாதென்றால் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. வேலையை நெறிப்படுத்தும் உரிமையோ நேர்மாறானது; முதலாளி அதை ஒருநாளும் பயன்படுத்தாவிட்டாலும், தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்ற நிலை இருந்தாலே போதும், அது ஊழியர் உறவின் அடையாளமாகிவிடும். “நான் அவங்களுக்கு ஒண்டுமே சொல்லுறதில்லை, அவங்களுக்கு வேலை தெரியும்” என்று முதலாளிகள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு வழியை மாற்றச் சொன்னால் சாரதி மாற்ற வேண்டுமா இல்லையா என்பதுதான் கேள்வி. மாற்ற வேண்டும் என்பதே பதில். கருவி இந்த வித்தியாசத்தைக் கேள்விக்குள்ளேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், அரைவாசிப் பிழைகள் நிற்கும் என்பது என் எண்ணம். விளக்கக் குறிப்புகள் தனியே இருக்கின்றன, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கடை பூட்டியபின் இரவு பத்து மணிக்கு இதை நிரப்புபவர் அவற்றைத் திறந்து வாசிப்பதில்லை.

நீதிமன்றங்கள் இந்த விடயத்தில் எப்படிப் பார்க்கின்றன என்பதை அறிந்துகொண்டு நிரப்பினால் கருவி வேறு விதமாகப் பயன்படும். 2011 இல் ஆட்டோகிளென்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், கார்களைக் கழுவித் துடைத்த தொழிலாளர்களின் ஒப்பந்தத்திலும் மாற்றாளை அனுப்பலாம், வேலைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த எழுத்தைத் தள்ளிவைத்து, இரு தரப்பும் உண்மையில் எதை ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தது. 2018 இல் பிம்லிகோ பிளம்பர்ஸ் வழக்கில், வரிக்கணக்கில் சுயதொழிலாளியாகவே பதிந்திருந்த ஒரு குழாய்த் தொழிலாளியைச் சட்டப்படி ‘வேர்க்கர்’ (ஊழியருக்கும் சுயதொழிலாளிக்கும் நடுவிலுள்ள நிலை) என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் நிறுவனத்தின் சீருடையை அணிந்து, நிறுவனத்தின் முத்திரை பொறித்த வானை ஓட்டினார், தனக்குப் பதிலாக அனுப்பக்கூடியவரும் அதே நிறுவனத்தின் இன்னொரு தொழிலாளியாகவே இருக்க வேண்டியிருந்தது. 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகளின் வழக்கும் தொழிலாளர் பக்கமே முடிந்தது. ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை. 2023 நவம்பரில் டெலிவரூ வழக்கில், தொழிற்சங்க உரிமை பற்றிய கேள்வியில், சைக்கிளில் உணவு கொண்டுபோகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் தங்களுக்குப் பதிலாக அனுப்பலாம், நிறுவனம் அதைத் தடுப்பதில்லை என்பது நிரூபணமானதால் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் போனது. மாற்றாள் உரிமை உண்மையாக இருந்தால் அதற்கு வலிமை உண்டு. அதை எழுதிவைத்துவிட்டு நடைமுறையில் மறுப்பவர்களுக்குத்தான் அது உதவாது.

இரண்டாவது தடவை அதே கேள்விகளை நடப்பின்படி நிரப்பினோம். மாற்றாள் அனுப்பப்பட்டார், நிறுவனம் ஏற்கவில்லை. எந்தக் கடைக்கு முதலில் போவது என்பதை முதல்நாள் இரவே அலுவலகம் பட்டியலிட்டுக் கொடுக்கிறது. வான் நிறுவனத்துடையது, சாவிகள் அலுவலகச் சுவரில், நால்வரின் பெயரெழுதிய ஆணிகளில் தொங்குகின்றன, டீசலும் நிறுவனத்தின் அட்டையில் போகிறது. சாமான் உடைந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. பணம் நாள் கணக்கில், ஒரு நாளைக்கு 120 பவுண். கடைக்காரர்களிடம் தங்களை அறிமுகப்படுத்தும்போது நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். முடிவு மாறியது: வரிக்காக இவர்கள் ஊழியர்கள். பத்து நிமிடத்துக்கு முன்னர் வந்த முடிவும் இதுவும் ஒரே கருவியிலிருந்து, ஒரே ஆட்களைப் பற்றி வந்தவை. பிழை கருவியிடம் இருக்கவில்லை. தரும் முடிவுக்குத் தான் கட்டுப்படுவதாக எச்.எம்.ஆர்.சி. உறுதியளிக்கிறது, ஆனால் பதில்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே. விசாரணை வரும் நாளில் முதல் தாளைக் காட்டியிருந்தால் அது பாதுகாப்பாக இருந்திருக்காது. உண்மை தெரிந்தும் மாறி நிரப்பியவர் என்பதற்கு அதுவே சாட்சியாகியிருக்கும்.

அந்த வித்தியாசம் பணத்தில் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றால் வரித்துறை ஆறு வருடம் பின்னால் போகலாம். வேண்டுமென்று செய்தது என்றால் இருபது வருடம். தண்டமும் அப்படியே ஏறும். கவனக்குறைவுக்கு, கட்டத் தவறிய வரியின் 30 வீதம் வரை, வேண்டுமென்று செய்ததற்கு 70 வீதம் வரை, செய்து மறைத்ததற்கு 100 வீதம் வரை. யாரும் கேட்குமுன் தாமாகவே போய்ச் சொல்பவர்களுக்கு இது நன்றாகக் குறையும். வாரம் 600 பவுண், வருடத்துக்கு 30,000 பவுண் பெறும் ஒரு சாரதிக்கு, 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதத்தில், 5,000 பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு 15 வீதமாக முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் மட்டும் 3,750 பவுண். நால்வருக்கு 15,000. அதற்கு முந்தைய வருடங்களின் விகிதம் குறைவு என்றாலும், வருடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஒரு சிறு நிறுவனம் தாங்காது. சாரதியின் சம்பளத்திலிருந்து பிடித்திருக்க வேண்டிய வருமான வரிக்கும் முதலாளியே முதற்பொறுப்பு; சாரதி தானாகக் கட்டியதை ஈடுசெய்ய வழிமுறைகள் இருந்தாலும், அவர் கட்டினார் என்பது உறுதியாக வேண்டும்.

இதுவரை வரி. இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். அதைக் கருவியின் பெயரிலேயே ‘வரிக்காக’ என்ற சொல்லை வைத்து அவர்கள் நேர்மையாகச் சொல்லியும்விட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லின் கனம் பயன்படுத்துபவர்களுக்குப் புரிவதில்லை. வரிச் சட்டத்தில் ஊழியர், சுயதொழிலாளி என்று இரண்டே நிலைகள். 1996 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் அப்படியில்லை. இரண்டுக்கும் நடுவில் ‘வேர்க்கர்’ என்று ஒரு நிலை இருக்கிறது. வரிக்காகச் சுயதொழிலாளியாக இருக்கும் ஒருவர், அதே நேரத்தில் வேலைச் சட்டத்தின்படி வேர்க்கராக இருக்கலாம். பிம்லிகோ வழக்கின் குழாய்த் தொழிலாளி அதற்கு நேரடி உதாரணம். வேர்க்கருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, வயதும் வருமானமும் பொருந்தினால் பென்ஷனில் சேர்க்கப்படும் உரிமை உண்டு. செஸ்ட் இவற்றில் ஒன்றைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. வரித்துறையிடமிருந்து ‘சுயதொழில்’ என்ற தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தொழில் தீர்ப்பாயத்தில் தோற்க முடியும்.

இந்த நால்வரின் விடயத்தில் எனக்கு மிகவும் கவலை தந்ததும் அதுதான். நாளுக்கு 120 பவுண் என்பது கேட்கப் பரவாயில்லாத தொகை. ஆனால் அவர்கள் காலை ஐந்து மணிக்கு வந்து வானில் சாமான் ஏற்றி, மாலை நான்கு மணிக்குத்தான் சாவியை ஆணியில் மாட்டுகிறார்கள். பதினொரு மணி நேரம். மணிக்கு 10.91 பவுண். 2025 ஏப்ரலிலிருந்து அப்போது 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி 12.21 பவுண் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்தைக் கழித்தாலும் பற்றாக்குறைதான். அந்த முதலாளி கெட்ட மனிதர் அல்ல. சாரதி ஒருவரின் மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது கேட்காமலே காசு கொடுத்தவர். மணிக்கணக்கைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை, ஏனென்றால் ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ என்ற சொல் அந்தக் கேள்வியையே எழவிடாமல் மூடி வைத்திருந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தில் பாக்கி என்று கண்டுபிடிக்கப்பட்டால், பாக்கியை இன்றைய விகிதத்தில் கொடுப்பதோடு, அதன் இருமடங்கு வரை, ஆளொருவருக்கு 20,000 பவுண் என்ற உச்சத்துக்குட்பட்டு, தண்டமும் வரும்.

லீவுச் சம்பளத்தைப் பலர் சிறு விடயமாக நினைக்கிறார்கள். வாரம் 600 பவுண் பெறுபவருக்கு 5.6 வாரம் என்பது வருடத்துக்கு 3,360 பவுண். சம்பளமில்லாத லீவு எடுத்தபடியால் அந்த உரிமை அந்தந்த வருடத்தோடு முடிந்துவிட்டது என்று முன்னர் வாதிடக்கூடியதாக இருந்தது. 2017 இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஜன்னல் நிறுவனம் ஒன்றில் 1999 முதல் 2012 வரை கமிஷனுக்கு வேலை செய்த ஒரு விற்பனையாளரின் வழக்கில், முதலாளி லீவுச் சம்பளம் கொடுக்க மறுத்த காலம் முழுவதற்கும் அந்த உரிமை சேர்ந்துகொண்டே போகும் என்று சொல்லிவிட்டது. 2022 இல் பிம்லிகோ குழாய்த் தொழிலாளியின் இரண்டாவது சுற்று வழக்கில், எடுத்த லீவுக்குச் சம்பளம் கிடைக்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பத்து வருடம் ஒருவரைத் தவறான பெயரில் வைத்திருந்தவர், பத்து வருட லீவுக் கணக்கைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு அநேகமாகப் பிரியும்போதுதான் வெளியே வருகிறது. வேலை நின்ற கோபத்தில் போகும் ஒருவர் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க இப்போது கட்டணமும் இல்லை. 2017 இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

கருவியைப் பற்றி வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் இன்னொரு குறை உண்டு. 1968 ஆம் ஆண்டின் ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் வழக்கிலிருந்து வரும் மூன்று நிபந்தனைகளில் முதலாவது, வேலை செய்யும் கடப்பாடும் அதற்குச் சம்பளம் கொடுக்கும் கடப்பாடும் இரு பக்கமும் இருப்பது. ஒப்பந்தம் ஒன்று இருந்தாலே அது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, செஸ்ட் அதைத் தனியாகச் சோதிக்காமல் விடுகிறது என்பது குற்றச்சாட்டு. 2024 செப்டெம்பரில், கால்பந்து நடுவர்களின் வழக்கில், ஒவ்வொரு ஆட்டத்துக்குமான தனி ஒப்பந்தத்துக்குள்ளேயே அந்தக் கடப்பாடு இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்தக் குற்றச்சாட்டின் வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினாலும், முழுப் படத்தையும் தள்ளி நின்று பார்க்கும் மூன்றாவது படி இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்பு நினைவூட்டியது. வழக்கு அதற்காகவே கீழ்த் தீர்ப்பாயத்துக்குத் திரும்பியது. கேள்வி பதிலாக ஓடும் ஒரு கருவியால் அந்த மூன்றாவது படியை மனிதரைப் போல எடைபோட முடியாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை, தீர்மானிக்க முடியவில்லை என்ற பதில் வருவதற்கும் இதுவே காரணம். சிலர் அதைக் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் மீது மரியாதை உண்டு; தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி, தெரிந்ததாகச் சொல்லி மாட்டிவிடும் கருவியைவிட மேல்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்பதைச் சிறு வணிகர்களுக்கு நான் வழமையாகச் சொல்வேன். வேலை, ஓய்வூதியத் துறை என்ற பிரித்தானிய அரசின் சொந்தத் திணைக்களமே, இந்த நிலைத் தீர்மானங்களில் பிழைவிட்டு 8 கோடியே 79 லட்சம் பவுண் வரித்துறைக்குக் கொடுக்க நேர்ந்தது. 2022 இல் தேசியத் தணிக்கை அலுவலகம், மத்திய அரசு அமைப்புகள் எல்லாமாகச் சேர்த்து இத்தகைய பிழைகளுக்காகக் கொடுக்க வேண்டிய தொகை 26 கோடியே 30 லட்சம் பவுண் என்று கணக்கிட்டது. சட்டத்தரணிகளும் மனிதவளப் பிரிவுகளும் வைத்திருக்கும் திணைக்களங்களுக்கே இப்படியென்றால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் கேள்விகளை நிரப்பும் ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது.

சில ஆலோசகர்கள், சாரதியை ஒரு லிமிடெட் கம்பெனி திறக்கச் சொல்லிவிட்டால் தலைவலி போய்விடும் என்கிறார்கள். சிறு நிறுவனங்களுக்கு ஐஆர்35 பொறுப்பு விதிவிலக்காக இருப்பதால், தீர்மானிக்கும் சுமையும் வரிக் கடனும் அந்தச் சாரதியின் கம்பெனிக்குப் போகும் என்பது உண்மைதான். ஆங்கிலக் கடிதம் ஒன்றை வாசிக்கவே உதவி தேடும் ஒருவரின் தலையில் கம்பெனிக் கணக்கையும் ஐஆர்35 ஐயும் ஏற்றிவிட்டு, தன் வரிச்சுமையைக் குறைத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செஸ்டை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதலாளி தனியாக நிரப்ப வேண்டாம். வேலை செய்பவரையும் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள். அவருடைய பதில் உங்கள் பதிலோடு முரண்படும் ஒவ்வொரு இடமும், நாளைக்குத் தீர்ப்பாயத்தில் முரண்படப்போகும் இடம். ஒவ்வொரு பதிலுக்கும் என்ன ஆதாரம் என்று ஒரு வரி எழுதி, முடிவுத்தாளோடு சேர்த்து, திகதியிட்டு வையுங்கள். கருவி உங்கள் சார்பில் எதையும் சேமிக்காது. வேலையின் தன்மை மாறினால் மறுபடி நிரப்புங்கள். முடிவு சுயதொழில் என்று வந்தாலும், வேர்க்கர் நிலை பற்றி வேலைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். வேலைத் தகராறுகளில் ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் இலவசத் தொலைபேசி உதவியும் இருக்கிறது. இந்த எல்லைகளோடு பார்த்தால், காசு கேட்காத, பெயர் கேட்காத, ஒரு மாலைப்பொழுதில் உங்கள் தொழிலின் உண்மை நிலையைக் காட்டக்கூடிய இந்தக் கருவிக்கு நான் ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். வேலை உரிமைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கைப் பக்கத்தையாவது முடிவுத்தாளோடு சேர்த்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

அந்த விநியோகஸ்தர் நால்வரையும் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிட்டார். கடந்த வருடங்களுக்கான கணக்கை நாங்களே தயாரித்து வரித்துறைக்கு அறிவித்திருக்கிறோம். லீவுப் பாக்கியையும் சம்பளப் பாக்கியையும் எப்படிக் கொடுப்பது என்று நால்வரோடும் பேசி எழுதி வைத்தாயிற்று. பேனாவால் இன்வாய்ஸ் எழுதிய ஐந்தாமவருக்குச் சொந்த வான் இருக்கிறது, வேறு மூன்று கடைகளுக்கும் ஓடுகிறார், காய்ச்சல் வந்தபோது மைத்துனரை அனுப்பினார், முதலாளியும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் நாள் கணக்கில் பணம் வாங்குகிறார், பட்டியலும் அலுவலகமே கொடுக்கிறது. அவருக்கு நிரப்பியபோது, தீர்மானிக்க முடியவில்லை என்று வந்தது. அந்தத் தாளை, மைத்துனர் வந்த நாளின் விநியோகச் சீட்டோடு இணைத்துக் கோப்பில் வைத்து, ஒரு வேலைச் சட்டத்தரணிக்கு அனுப்பியிருக்கிறேன். அவருடைய பதில் வரும்வரை, 118 என்ற இலக்கத்தில் அவருக்கு அலுவலகத்திலிருந்து இன்வாய்ஸ் அச்சிட வேண்டாம் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.